பூனை நடக்கும் பியானோ

ஒன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஐரிஷ் துறவி, இலக்கணக் குறிப்புகளும் கிரேக்கச் சொற்களும் துதிப்பாடல்களும் எழுதிவைத்திருந்த தன் குறிப்பேட்டின் நடுவே, வளர்த்த பூனையைப் பற்றி ஒரு கவிதையும் எழுதி வைத்தார். பூனையின் பெயர் பாங்கர் பான். அதற்கு எலி பிடிக்கிற வேலை, எனக்குப் புரியாத வரியின் பொருளைப் பிடிக்கிற வேலை, ஒரே அறையில் இருந்தும் ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை என்பதுதான் கவிதையின் சாரம். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தக் குறிப்பேடு ஆஸ்திரியாவில் ஒரு மடத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்து, அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் அந்தக் கவிதையின் ஆங்கில வடிவத்தை எடுத்து, ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டும் உள்ள பாடலாக்கினார். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்ன உரசல் கேட்கும். தவறி விரல் பட்டால் வருகிற ஒலி அது. பார்பர் அந்த உரசலை வேண்டுமென்றே பாட்டு நெடுகத் தூவியிருக்கிறார். மூடாமல் விட்ட பியானோமேல் பூனை நடந்துபோனால் ஒரு பாதத்துக்கு இரண்டு கட்டை மிதிபடும் அல்லவா, அதே ஒலிதான். பாடகர் துறவியாக நிதானமாகப் பாடிக்கொண்டிருக்க, பூனை கீழே தன்பாட்டுக்கு உலாவுகிறது. பாடகரின் வரிக்குப் பியானோ பதில் சொல்வதில்லை, பின்தொடர்வதும் இல்லை. இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன, அவ்வளவுதான். கவிதை சொன்னதும் அதைத்தானே.

இந்த மாதிரிப் பாடலைக் கலைப்பாடல் என்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. மைக் கிடையாது. அரங்கின் கடைசி வரிசைவரை பயிற்சி பெற்ற குரல் தானாகவே போய்ச் சேர வேண்டும். ஆப்பராவில் இருக்கும் வேடமும் திரையும் வாத்தியக் குழுவும் இங்கே இல்லை. பாடகர் பியானோவின் வளைந்த பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்று பாடுகிறார். பியானோ வாசிக்க வேண்டியது கடைசி ஸ்வரம்வரை தாளில் எழுதப்பட்டிருக்கும். மனோதர்மத்துக்கு இடம் வேகத்திலும் அழுத்தத்திலும்தான், ஸ்வரத்தில் இல்லை. நம் சினிமாவில் மெட்டு முதலில் வந்து, பாட்டு வரிகள் அதில் பொருந்துவது சகஜம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. கவிதை ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று, பெரும்பாலும் கவிஞரும் போய்ச் சேர்ந்திருப்பார். இசையமைப்பாளர்தான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

பியானோவைப் பக்கவாத்தியம் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் பாதிப் பாட்டு காதில் விழாமலே போய்விடும். இந்த வகைக்கு உயிர் கொடுத்தவர் என்று எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் வியன்னாவின் ஃபிரான்ஸ் ஷூபர்ட். 1814-இல், பதினேழு வயதில், ஜெர்மன் கவிஞர் கேதேயின் ஃபவுஸ்ட் நாடகத்திலிருந்து ஒரு பெண் நூல் நூற்றுக்கொண்டே காதலனை நினைத்துப் புலம்பும் கவிதைக்கு இசையமைத்தார். ராட்டை சுற்றுவதைப் பியானோதான் செய்கிறது. அவன் முத்தத்தை அவள் நினைக்கும் இடத்தில் ராட்டை நின்றுவிடும். பிறகு தட்டுத் தடுமாறி, விட்டு விட்டு, மறுபடி சுற்றத் தொடங்கும். அவள் கை நடுங்குகிறது என்று கவிதையில் எங்கும் இல்லை. அதைப் பியானோ மட்டும்தான் சொல்கிறது. ஷூபர்ட் அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதிவிட்டு முப்பத்தோரு வயதில் இறந்தார். ஜெர்மன் மொழியில் வேரூன்றிய இந்தக் கலை பிரான்ஸ், ரஷ்யா, இங்கிலாந்து என்று பரவி, அமெரிக்காவுக்கும் போனது.

சாமுவேல் பார்பர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தந்தி வாத்தியங்களுக்கு அவர் எழுதிய 'அடாஜியோ'. 1938-இல் இசைக்குழு நடத்துனர் டாஸ்கனினி நடத்த, அது வானொலியில் ஒலிபரப்பானது. பெரிய மனிதர்களின் இறுதிச் சடங்குகளிலும், 'பிளட்டூன்' படத்திலும் கேட்டிருக்கலாம். அந்த ஒரு துண்டு அவருடைய மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்பது என் குறை. பார்பர் அடிப்படையில் பாட்டுக்காரர்.

1910-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டர் ஊரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். அம்மாவின் சகோதரி லூயிஸ் ஹோமர் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவின் பெயர்பெற்ற பாடகி. அவர் கணவர் சிட்னி ஹோமர் கலைப்பாடல்களே எழுதிக்கொண்டிருந்த இசையமைப்பாளர், பார்பருக்குக் கடைசிவரை வழிகாட்டி. ஒன்பது வயதில் பையன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தான்: தான் இசையமைப்பாளன் ஆகத்தான் பிறந்தவன், தயவுசெய்து போய்க் கால்பந்து விளையாடு என்று சொல்ல வேண்டாம் என்பது அதன் கருத்து. பத்து வயதில் ஓர் ஆப்பராவைத் தொடங்கினான். அதற்கு வசனம் எழுதிக் கொடுத்தவர் அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்த ஐரிஷ் பெண்மணி. பின்னாளில் ஜேம்ஸ் ஜாய்ஸ், ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ், யேட்ஸ் என்று அவர் ஐரிஷ்காரர்களையே தேடித் தேடி இசையமைத்ததற்கு அந்த அடுக்களைதான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நிரூபிக்க முடியாது.

பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் இசைப் பள்ளி 1924-இல் திறந்தபோது முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். வயது பதினான்கு. இசையமைப்பு, பியானோ, வாய்ப்பாட்டு மூன்றையும் படித்தார். நல்ல பாரிட்டோன், அதாவது ஆண்களின் நடுத்தரக் குரல். மேத்யூ ஆர்னால்டின் 'டோவர் பீச்' கவிதைக்குத் தான் அமைத்த இசையை 1935-இல் தானே பாடி இசைத்தட்டில் பதிந்திருக்கிறார். பாடல்களில் எங்கே மூச்சு எடுக்கலாம், எந்த உயிரெழுத்தை எந்த உயரத்தில் நீட்டினால் தொண்டை திணறாது என்பதையெல்லாம் அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. பாடகர்கள் இன்றும் அவரை விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1952-இல் அயர்லாந்து போய் வந்தவர், அங்கத்தியப் பழைய கவிதைகளின் மொழிபெயர்ப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். எட்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை துறவிகளும் ஏடு பெயர்த்தெழுதுவோரும் எழுதியவை. வேதப் புத்தகத்தை நாள் முழுக்கப் படியெடுத்துக்கொண்டிருப்பவர், கை ஓய்ந்தபோது ஓரத்தில் கிறுக்கிய வரிகளும் அவற்றில் உண்டு. மடத்துத் தலைவர் பார்க்கட்டும் என்று எழுதியவை அல்ல. அதனால்தான் அவற்றில் பக்தியோடு வம்பும் இருக்கிறது. சிலவற்றுக்கு ஏற்கெனவே நல்ல மொழிபெயர்ப்பு இருந்தது. சிலவற்றைக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனும் செஸ்டர் கால்மனும் பார்பருக்காகப் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். பூனைப் பாட்டு ஆடனுடையது. பத்துக் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, 'ஹெர்மிட் சாங்ஸ்' என்று பெயரிட்டார். நாம் 'துறவிப் பாடல்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். பத்தும் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இசைத்தாளைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வெற்றிடம். மேற்கத்திய இசையில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் இரண்டு எண்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, இருக்கும். ஒரு கட்டத்துக்கு மூன்று தட்டா, நான்கு தட்டா என்று சொல்வது அது. துறவிப் பாடல்களில் அந்த எண்களே கிடையாது. கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள் உண்டு, ஆனால் ஒரு கட்டம் நீளம், அடுத்தது குட்டை. கவிதை வரியில் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே இசையின் அழுத்தமும் விழ வேண்டும், அதற்காகக் கட்டம் எவ்வளவு நீள வேண்டுமோ அவ்வளவு நீளட்டும் என்று விட்டுவிட்டார்.

நம் கச்சேரியில் தாளத்தை ஒதுக்கிவிட்டு விருத்தம் பாடுவார்களே, அதுபோல என்று சொன்னால் பாதி சரி. சொல்லின் போக்கில் இசை போகிறது என்ற அளவில் சரி. ஆனால் விருத்தத்தில் கால அளவு பாடுகிறவர் இஷ்டம். பார்பரிடம் மிகச் சிறிய அளவு, நம் அட்சரத்தில் பாதி அல்லது கால் மாதிரியானது, பாட்டு முழுக்க மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு அளவு ஒரு கட்டத்தில் ஐந்து முறை, அடுத்ததில் ஏழு முறை, பிறகு நான்கு முறை என்று வரும். கேட்பவருக்கு யாரோ இயல்பாகப் பேசுவதுபோல் இருக்கும். வாசிப்பவர்களோ மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பாடகரும் பியானோக்காரரும் சேர்ந்து பலமுறை ஒத்திகை பார்க்காமல் இதை மேடையேற்ற முடியாது.

பழைய வாசனைக்கு அவர் செய்த இன்னொரு காரியம், பல இடங்களில் ஸவையும் பவையும் மட்டும் ஒலிக்க விட்டுக் காந்தாரத்தை எடுத்துவிட்டது. மேற்கத்தியக் காதுக்கு மகிழ்ச்சியா, சோகமா என்று சொல்வது காந்தாரம்தான். அது இல்லாவிட்டால் ஒலி எந்தப் பக்கமும் சாயாமல், கற்சுவர் மாதிரி நிற்கும். முதல் பாடலில் இதைக் கேட்கலாம். அயர்லாந்தின் டானிகல் பகுதியில் டெர்க் என்றொரு ஏரி, அதன் நடுவே ஒரு தீவு. புனித பேட்ரிக்கின் பெயரால் நூற்றாண்டுகளாக யாத்திரிகர்கள் போகும் இடம். இன்றும் வெறுங்காலோடு, நோன்போடு, ஓர் இரவு தூங்காமல் கண்விழித்து, மூன்று நாள் விரதம் இருக்கிறார்கள். பாடலின் யாத்திரிகருக்கு ஒரே வருத்தம்: வந்துவிட்டேன், ஆனால் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. பியானோவின் இடக்கை விடாமல் நடந்துகொண்டே இருக்கிறது. கால் நடக்கிறது, நெஞ்சு நகர மறுக்கிறது.

சில பாடல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொர்க்கவாசிகளுக்குத் தன் வீட்டிலேயே பெரிய விருந்து வைத்து பீர் ஏரியையே வெட்டிவிட ஆசைப்படும் பாடல் உண்டு, கும்மாளமானது. புனித இடா குழந்தை யேசுவுக்குப் பாலூட்டும் தாலாட்டு உண்டு. கடலில் மாட்டிக்கொண்டவர்களின் அலறல் ஒன்று உண்டு, புயல் மாதிரி வந்து ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். மணியோசையைப் பற்றிய இரண்டாம் பாட்டும் அவ்வளவு சின்னதுதான்.

ஏழாவது பாடலைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டே வரிக் கவிதை. ஈடன் என்றொருவர் யாரோடு தூங்கப் போகிறார் என்று தெரியாது, ஆனால் தனியாக இல்லை என்பது மட்டும் தெரியும் என்கிற மடத்து வம்பு. இதற்குப் போய் ஒரு தனிப் பாடலா என்று கேட்கத் தோன்றும். பார்பர் இதை ஒரு நிமிடம்கூட ஓடவிடவில்லை. அடக்கிய குரலில் ஆரம்பித்து, சொல்லவந்ததைச் சொல்லிவிட்டு, நழுவிவிடுகிறது. இதை அடுத்து வருவது பூனைப் பாட்டு. வம்பு பேசிய வாய் மூடியதும், யாருடைய உறக்கத்தைப் பற்றியும் கவலைப்படாத துறவியும் பூனையும் வருகிறார்கள். இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்க வாய்ப்பில்லை. பாடல் தொகுதியைத் துண்டு துண்டாகக் கேட்பதில் இப்படிப்பட்ட சிரிப்புகள் தொலைந்துபோகும். பூனைப் பாட்டைக் கர்ட்டிஸில் தனக்குப் பியானோ கற்றுக்கொடுத்த இசபெல் வெங்கரோவாவுக்கு அர்ப்பணித்திருக்கிறார். விரல் சுத்தத்தில் கறாரான ஆசிரியைக்கு, விரல் தவறினாற்போல் ஒலிக்கும் பாட்டு! வேண்டுமென்றே செய்த குறும்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாவது பாடல் சிலுவையேற்றம். பியானோவில் உயரத்தில் ஒரு சின்னக் கீச்சொலி வரும், பொழுது விடியும்போது கூவும் பறவை. அந்தப் பறவை கூவிய நேரத்தில் சிலுவையில் அறையத் தொடங்கினார்கள் என்கிறது கவிதை. பறவை பாட்டு நெடுக அவ்வப்போது கூவிக்கொண்டே இருக்கிறது. அதற்கு நடப்பது எதுவும் தெரியாது. உடம்பின் வலியைவிடத் தாயின் துயரம்தான் யேசுவுக்குப் பெரிய வலி என்ற வரியை அடையும்போது பார்பர் இசையைப் பெருக்கிக் காட்டாமல் மெலிய விடுகிறார். இந்த இடத்தில் குரலைக் கொட்டும் பாடகர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை.

பத்தாவது பாடல் தனிமையை வேண்டுவது. சின்னக் குடிலில் யாருமில்லாமல் இருக்க வேண்டும், தனியாக வந்தேன், தனியாகப் போவேன் என்கிற கருத்து. பியானோ ஒரே ஒரு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு தொடங்குகிறது. அதன்மேல் குரல் ஏறக்குறைய அதே இடத்திலிருந்து கிளம்புகிறது. இப்படியே அமைதியாகப் போய் முடிந்துவிடும் என்று நினைத்தால், நடுவில் பாடகர் வாயை மூடிக்கொள்ள, பியானோ மட்டும் பொங்கி எழுகிறது. இரண்டு கையும் அகல விரிந்து, தொகுதியிலேயே மிகப் பெரிய ஒலி அங்கேதான். பிறகு மறுபடி அந்த ஒற்றை ஸ்வரத்துக்கு இறங்குகிறது. துறவு கேட்கிறவன் உள்ளே எவ்வளவு கொந்தளிப்பு இருந்தால் துறவு கேட்பான் என்பது கவிதையில் இல்லை. ஷூபர்ட்டின் ராட்டை நின்றதுபோலத்தான் இதுவும்: வார்த்தை சொல்லாததைச் சொல்ல இன்னொருவர் மேடையில் இருக்கிறார்.

துறவிப் பாடல்கள் எழுதப்பட்ட காலத்தில் இசையமைப்பாளர்களிடையே பன்னிரண்டு ஸ்வர முறையும் கணக்குப் போட்டு எழுதும் இசையும்தான் கௌரவம். காதுக்கு இனிமையான மெட்டு எழுதுகிற பார்பரைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கியவர்கள் நிறைய. மெட்டைப் பார்த்தவர்கள் காலக் கணக்கைப் பார்க்கவில்லை. தட்டு எண்ணிக்கையையே தூக்கி எறிந்துவிட்டு, பேச்சின் நடையில் ஒரு தொகுதி முழுவதையும் எழுதியவரைப் பழமைவாதி என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

இந்தப் பாடல்களை எழுதக் கேட்டது எலிசபெத் ஸ்ப்ரேக் கூலிட்ஜ் அறக்கட்டளை. கூலிட்ஜ் அம்மையார் பெருஞ்செல்வர். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குள்ளேயே கச்சேரிக்கென்று ஓர் அரங்கம் கட்டிக் கொடுத்தவர். 1925-இல் திறந்த அந்த அரங்கில், அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 30-இல் புதிய இசை அரங்கேறுவது வழக்கமாயிற்று. 1944-இல் இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்டின் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' அந்தத் தேதியில் அங்கேதான் முதலில் ஒலித்தது. 1953 அக்டோபர் 30 அன்று துறவிப் பாடல்கள். ஐந்து நாளில், நவம்பர் 4 அன்று, அம்மையார் காலமானார். வழிகாட்டி சிட்னி ஹோமரும் அதே ஆண்டில்தான் இறந்தார்.

அரங்கேற்றத்தன்று பியானோ வாசித்தவர் பார்பர். பாடியவர் லியன்டின் பிரைஸ், மிசிசிபி மாநிலத்தின் லாரல் ஊரில் பிறந்த கறுப்பினப் பெண், வயது இருபத்தாறு. அப்போது நியூயார்க்கில் 'போர்கி அண்ட் பெஸ்' ஆப்பராவில் பெஸ்ஸாகப் பாடிக்கொண்டிருந்தார். மெட்ரோபாலிடன் ஆப்பராவின் கதவு அவருக்குத் திறக்க இன்னும் ஏழு ஆண்டுக்கு மேல் இருந்தது. வாஷிங்டன் எப்படிப்பட்ட ஊர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்நகரின் உணவகங்கள் கறுப்பினத்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1953 ஜூனில்தான். 1939-இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அதே ஊரின் பெரிய அரங்கம் மறுக்கப்பட்டு, அவர் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் பாடினார். இந்தப் பின்னணியில், இனம் எதையும் சுட்டாத இடைக்கால ஐரிஷ் கவிதைகளை, புத்தம் புதிய இசையில், முதலில் பாடும் உரிமையை ஓர் இளம் கறுப்பினப் பாடகி பெற்றது சின்ன விஷயமல்ல. 1954-இல் இருவரும் சேர்ந்து செய்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் எழுதியவரே வாசிக்கிறார் என்பதால் வேகத்தைப் பற்றிய வாதங்களுக்கு அதுதான் முதல் சாட்சி.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு: கவிதையை முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள். பயிற்சி பெற்ற குரலில், அதுவும் உச்சத்தில், ஆங்கிலச் சொற்கள் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே புரியாது. பிறகு பூனைப் பாட்டில் ஆரம்பியுங்கள், ஒருமுறை குரலுக்காக, இன்னொருமுறை இடக்கைக்காக மட்டும். பிரைஸின் பதிவு ஒட்டவில்லை என்றால் ஷெரில் ஸ்டூடர் பாடி ஜான் பிரவுனிங் வாசித்தது இருக்கிறது. ஆண் குரலில் கேட்க விரும்பினால் ஜெரால்ட் ஃபின்லியும் ஜூலியஸ் டிரேக்கும். உயர்ந்த குரலுக்கும் தாழ்ந்த குரலுக்கும் தனித்தனிச் சுருதியில் இசைத்தாள் அச்சாகியிருப்பதால் யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் பியானோ ஒலி கீழே இறங்கும்போது பூனை கொஞ்சம் கனத்துவிடுகிறது. கச்சேரியாகக் கேட்க நேர்ந்தால் பத்தும் முடியும்வரை கைதட்டுவதில்லை.

பிடித்துப்போனால் அடுத்தது 1968-இல் பார்பர் எழுதிய 'டிஸ்பைட் அண்ட் ஸ்டில்', ஐந்து பாடல்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு புதிய மெட்ரோபாலிடன் அரங்கைத் திறந்துவைத்த அவருடைய ஆப்பரா, பிரைஸ் கிளியோபாட்ராவாகப் பாடியும், விமர்சகர்களிடம் அடி வாங்கியிருந்தது. அதன் கசப்பு இன்னும் ஆறாத நிலையில் எழுதி, பிரைஸுக்கே அர்ப்பணித்தார். அதில் ஒன்று ஜாய்ஸின் 'யூலிஸிஸ்' நாவலிலிருந்து எடுத்த ஒரு பத்தி, கவிதையே அல்ல. மலைப்பாதையில் ஒரு விடுதி, ஓர் ஆண், ஒரு பெண். பாடகர் வாக்குமூலம் கொடுப்பதுபோல் உணர்ச்சியில்லாமல் விவரிக்க, பியானோ அடியில் ஒரு டாங்கோ நடனத்தை வாசித்துக்கொண்டிருக்கும். அதைத் துறவிப் பாடல்களுக்குப் பிறகு கேளுங்கள், முன்பு வேண்டாம்.